என் உடம்பே என் குழந்தையை ஏற்க மறுக்கிறதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 29. அத்தை மகனைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். நான்கு வருடத்தில் மூன்று முறை கரு கலைந்துவிட்டது. மூன்றும் 7 முதல் 9 வாரத்துக்குள். கடைசியாகப் பார்த்த இடத்தில் இருவருக்கும் ஹெச்.எல்.ஏ பரிசோதனை எடுத்து, "உங்கள் இருவருக்கும் நிறைய ஒத்துப்போகிறது, அதனால் உங்கள் உடம்பு கருவைத் தாக்குகிறது" என்றார்கள். ஹெச்.எல்.ஏ-ஜி மரபணுவிலும் எனக்கு இரண்டு பிரதியிலும் 14 எழுத்து கூடுதலாம். கணவரின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பிரித்து என் கையில் ஊசி போட இந்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலோ, சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்கிறார்கள். என் உடம்பேதான் என் குழந்தைகளைக் கொன்றதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் உடம்பு எந்தக் குழந்தையையும் கொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு அந்த ரிப்போர்ட்டில் ஆதாரமே கிடையாது. ஊசிக்கான தேதியை ரத்து செய்துவிடுங்கள். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன். புரிந்தால்தான் மனதில் ஏற்றி வைத்திருக்கும் அந்தப் பழி இறங்கும்.

ஹெச்.எல்.ஏ என்பது நம் உடம்பின் செல்கள் அணிந்திருக்கும் அடையாள அட்டை மாதிரி. இதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு வருகிறது. கிட்னி மாற்று சிகிச்சையில் இந்த அட்டை எவ்வளவு பொருந்துகிறது என்றுதான் பார்ப்பார்கள். பொருந்தாத கிட்னியை நோய் எதிர்ப்பு அணுக்கள் தாக்கும். அப்படியென்றால், பாதி அப்பாவின் அடையாளத்தோடு வளரும் கருவைத் தாயின் உடம்பு எப்படி ஒன்பது மாதம் சுமக்கிறது? 1953-இல் பீட்டர் மெடவார் இந்தக் கேள்வியைக் கேட்டார். உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளுக்காகப் பின்னர் 1960-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அருமையான கேள்விதான். ஆனால் கருவைத் தாயின் உடம்பு எதிரியாகப் பார்க்கிறது என்ற பயமும் அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. உங்களிடம் சொல்லப்பட்டதும் அந்தப் பழைய பயம்தான்.

உண்மையில் தாயின் ரத்தத்தைத் தொடுவது நஞ்சுக்கொடி. தாயின் ரத்தத்தில் நனையும் அதன் மேலுறை எந்த அடையாள அட்டையையும் அணிவதில்லை. கருப்பைச் சுவருக்குள் வேர்போல இறங்கும் நஞ்சுக்கொடி செல்களோ, கிட்னி டாக்டர்களைக் கவலைப்படுத்தும் ஏ, பி வகை அட்டைகளை விட்டுவிட்டு சி, இ, ஜி என்ற மூன்றை மட்டும் அணிகின்றன. இதில் ஜி வகைதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது. 1987-இல் இந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். 1990-இல் நஞ்சுக்கொடி செல்களில் அதன் புரதம் இருப்பது தெரிந்தது. உடம்பின் மற்ற பாகங்களில் இதை அரிதாகத்தான் பார்க்க முடியும். ஏ, பி வகைகள் மனிதர்களுக்குள் ஆயிரக்கணக்கான விதங்களில் மாறுபடும். ஜி அப்படியில்லை, கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரி. அதாவது அப்பாவிடமிருந்து வந்த ஜி-யும் அம்மாவுக்கு அந்நியமாகத் தெரியாது.

இந்த அட்டையை எதிரில் நின்று படிப்பவை கருப்பையின் என்கே (நேச்சுரல் கில்லர்) செல்கள். 'கொலையாளி' என்று பொருள்படும் பெயர் வைத்ததில் இவற்றுக்கு இழைத்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் மூன்று மாதம் கருப்பையின் உள்படலத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சுமார் 70% இவைதான். கருவைக் கொல்வது இவற்றின் வேலை இல்லை. நஞ்சுக்கொடி செல்களோடு சேர்ந்து, கருப்பையின் சுருள் ரத்தக்குழாய்களை இளக்கி அகலப்படுத்துகின்றன. குறுகலான வாய்க்காலை வெட்டி அகலமாக்கினால்தானே கடைமடைக்குத் தண்ணீர் போகும்? இந்த வேலை அரைகுறையானால் பின்மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறும், குழந்தையின் வளர்ச்சி குறையும். 2004-இல் கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மோஃபட் குழுவினர் இதில் முக்கியமான ஒன்றைக் காட்டினார்கள். தாயின் என்கே செல்கள் நஞ்சுக்கொடியின் சி வகை அட்டையைப் பார்த்து அளவுக்கு மீறி அடங்கிப்போகும் சேர்க்கைகளில்தான் கர்ப்பகால ரத்த அழுத்தம் அதிகமாக வந்தது. ஆக, எதிர்ப்பு சக்தியை அடக்கினால் கரு நிற்கும் என்ற கணக்கே தப்பு. கையில் ரத்தம் எடுத்து என்கே செல்களை எண்ணுவதிலும் பயனில்லை. ரத்தத்தில் ஓடும் என்கே செல் வேறு, கருப்பையில் இருப்பது வேறு.

சரி, அந்த 14 எழுத்துக்கு வருவோம். எழுத்து என்றால் மரபணு எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ-வின் ஓர் அலகு. மரபணுவின் வால்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில் 14 எழுத்து சிலருக்குக் கூடுதலாக இருக்கும், சிலருக்கு இருக்காது. புரதம் எவ்வளவு உருவாகிறது என்பதை இது ஓரளவு மாற்றலாம். ஆனால் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வேறுபாடு இது. வரிசையாகப் பிள்ளை பெற்ற பெண்களிடமும் இருக்கிறது. கருச்சிதைவோடு இதை முடிச்சுப் போட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் இல்லை. இன்னொன்று, உங்களுக்குச் சோதித்தது உங்கள் மரபணு. நஞ்சுக்கொடியில் வேலை செய்வது குழந்தையின் மரபணு. அதில் பாதி உங்கள் கணவருடையது. உங்கள் ரத்தத்தை மட்டும் வைத்து நஞ்சுக்கொடியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. இதையெல்லாம்விட எனக்குத் தெம்பு தரும் தகவல், இந்த மரபணுவின் முழு அளவுப் புரதத்தையே உருவாக்க முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது. இரண்டு பிரதியும் பழுதான நிலையில் கருவாகி, பிறந்து, வளர்ந்து ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அப்படியிருக்க 14 எழுத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்தியது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அடுத்தது, ஒத்துப்போகும் மரபணு. மாமன் மகள், அத்தை மகன் உறவில் ஒரு ஹெச்.எல்.ஏ தொகுப்பு இருவருக்கும் ஒன்றாகவே அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, அது இயல்பு. அமெரிக்காவில் தங்கள் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஆராய்ந்த மரபணு ஆய்வாளர் கரோல் ஓபர், ஹெச்.எல்.ஏ ஒத்துப்போகும் தம்பதிகளிடம் கரு இழப்பு சற்று அதிகம் என்று 1998-இல் எழுதினார். ஆனால் நிறையப் பிள்ளை பெறுவதற்குப் பெயர்போன சமூகம் அது! நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ராவ், இன்பராஜ் இருவரும் ஆயிரக்கணக்கான கர்ப்பங்களை ஆராய்ந்து 1977-இல் வெளியிட்டார்கள். சொந்தத்தில் மணம் செய்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கருச்சிதைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உறவுத் திருமணத்தில் கவனிக்க வேண்டியது வேறு விஷயம்: குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு 2 முதல் 3% கூடுதல். அதற்கு ஒருமுறை மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மூன்று முறை கரு கலைந்ததற்கு அந்தக் கல்யாணத்தின் மேல் பழி போட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது ஊசி. கணவரின் வெள்ளை அணுக்களை முன்கூட்டியே அறிமுகப்படுத்தினால் மனைவியின் உடம்பு கருவைப் பாதுகாக்கக் கற்றுக்கொள்ளும் என்ற எண்ணத்தில் 1980-களில் வந்தது இது. 1985-இல் லண்டனில் நடந்த சிறிய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. உலகம் முழுக்கப் பரவியது. பிறகு, மேலே சொன்ன அதே கரோல் ஓபர் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கணவரின் அணுக்கள், இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். 1999-இல் வந்த முடிவில் அணுக்கள் ஏற்றிய குழுவில் 36% பேருக்குத்தான் கர்ப்பம் நிலைத்தது. உப்புநீர் போட்டவர்களில் 48%. ஹெச்.எல்.ஏ பொருத்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவரே இந்த ஊசியால் பயனில்லை என்று காட்டினார். 2002-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைப் போடக்கூடாது என்றது. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் வேண்டாம் என்கிறது. இன்னொருவர் ரத்த அணுவை ஏற்றினால் தொற்று வரலாம், எதிர்ப்பொருள் உருவாகலாம். நாளைக்கே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் பொருத்தம் பார்ப்பது சிக்கலாகும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்துக் கிடைக்காத ஒரு பெயர் இருக்கிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள். ரத்தம் உறையும் போக்கை அதிகமாக்கும் எதிர்ப்பொருள் இது. நோய் எதிர்ப்பு மண்டலத்தால் கரு கலைவதற்கு நிரூபிக்கப்பட்ட காரணம் இதுதான்; சிகிச்சையும் உண்டு. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என மூன்று ரத்தப் பரிசோதனை. இருக்கிறது என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்போம். நிறையப் பேருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது. கூடவே தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் வடிவத்துக்கு 3டி ஸ்கேன், உங்கள் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறுவதால் கலைபவை. பெரும்பாலும் அது அந்தக் கருவோடு முடிந்துபோகும் தற்செயல்.

எல்லாம் சரியாக இருந்து காரணமே தெரியாவிட்டாலும் பயப்படாதீர்கள். உங்கள் வயதில் அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு ஆறேழு பேர், எந்த விசேஷ ஊசியும் இல்லாமல், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்போதிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிடுங்கள். நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏழாவது வாரத்தில் ஒரு ஸ்கேன், அதன்பின் மனம் அமைதியாக இருக்க எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை போய்ப் பாருங்கள். லேசாக ரத்தம் பட்டாலும் உடனே போங்கள். பிரிட்டனில் இப்படி ரத்தம் பட்ட 4,153 பெண்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு இழந்தவர்களில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மாத்திரை வைத்தவர்களில் 72% பேருக்குக் குழந்தை பிறந்தது, வைக்காதவர்களில் 57%. அந்த மாத்திரையைப் பெண்ணுறுப்பில் காலையும் இரவும் வைக்க வேண்டும். போகும்போது இந்தக் கடிதத்தையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள், கணவரையும் கூட்டிப் போங்கள்.