கடல் காற்றாலை டிப்ளமோவுக்கு மூன்று லட்சம் கட்டலாமா?

டிப்ளமோ இ.இ.இ. முடித்த மகனை ‘ஆஃப்ஷோர் விண்ட் டெக்னீசியன்’ என்ற ஓராண்டுப் படிப்பில் சேர்க்க மூன்று லட்ச ரூபாய் கேட்கிறார்கள், முடித்ததும் நம் கடலிலேயே வேலை என்கிறார்கள், கடன் வாங்கிக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கட்ட வேண்டாம். துறை நல்ல துறை, பையனின் ஆசையிலும் தவறில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையில்தான் உங்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

முதலில் நம் கடலின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலை இதுவரை ஒன்றுகூட நிற்கவில்லை. கடல் காற்றாலைக் கொள்கை 2015-இல் வந்தது. 2022-க்குள் 5,000 மெகாவாட், 2030-க்குள் 30,000 மெகாவாட் என்று 2018-இல் இலக்கு அறிவித்தார்கள். 2022-ஆம் ஆண்டு ஒரு காத்தாடிகூடச் சுழலாமல் கடந்துபோனது. கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023-இல்தான் வந்தன. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் அமைக்க நிதியுதவியும், துறைமுகங்களைத் தயார் செய்ய 600 கோடியும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவின் தென்பகுதியில் காற்று பலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடலடி மண் ஆய்வு, அனுமதிகள், துறைமுக வேலை, கப்பல் ஏற்பாடு எல்லாம் முடிந்து முதல் காத்தாடி சுழலப் பல ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த வருடம் படிப்பை முடிக்கிற பையனுக்கு அங்கே வேலை உறுதி என்று ஒருவர் சொன்னால், இன்னும் உருவாகாத வேலையை அவர் விற்கிறார்.

அப்படியானால் பையன் என்ன செய்வது? கரையில் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். கடலில் நிற்கும் காற்றாலையின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உடுமலையிலும் நிற்பவற்றின் உள்ளே இருப்பவைதான். இறக்கையைக் காற்றுக்கேற்பத் திருப்பும் பிட்ச் அமைப்பு, தலையைத் திருப்பும் யா மோட்டார்கள், கன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸ், சென்சார்கள், எல்லாவற்றையும் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பான ஸ்காடா. அளவும் மின்னழுத்தமும் கடலில் கூடுதல். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் கரைக் காற்றாலைகள் ஓடுகின்றன. இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் பையனுக்குக் கிடைக்காது, அதுவும் சம்பளத்தோடு.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சி உண்டு, உதவித்தொகையும் உண்டு. தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே நடக்கும். அதில் காற்றாலைப் பராமரிப்பு நிறுவனங்களை, அவை இல்லையென்றால் துணைமின்நிலைய வேலை செய்யும் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் ‘வாயுமித்ரா’ பயிற்சி அறிவிப்புகளையும் கவனித்து வரட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அந்த மாதங்களில் ஒரு காற்றாலை நின்றால் பணம் போகிறது, அதனால் பெரிய பராமரிப்பை அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். அந்தப் பராமரிப்பில் ஒரு சீசன் வேலை செய்தவன் கற்பதை எந்த வகுப்பறையும் தராது. ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டவர் துண்டுகளை இணைக்கும் போல்ட்டை 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை (டார்க்) கொடுத்து முறுக்க வேண்டியிருக்கும். உராய்வைக் குறைக்க மரையில் பூச வேண்டிய மசகைப் பூசாமல் முறுக்கினால், ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஆனால் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போயிருக்கும். போல்ட் இழுபட்டு நிற்காது. காற்று ஒவ்வொரு முறை தள்ளும்போதும் இணைப்பு நுண்ணளவு அசைந்து, சில மாதங்களில் போல்ட் களைத்து உடையும். காகிதத்தில் டார்க் சரி, கோபுரத்தில் தவறு. இதைக் கையால் உணர்ந்தவனைத்தான் கடலுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டுப் போனால் அன்றைய நாளே வீண், போய் எடுத்துவர வழியில்லை.

இரண்டு சீசன் முடியும்போது பையனிடம் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: உயர் மின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, அட்டை மாட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்கும் பழக்கம், ஒரு கோளாறின் காரணத்தை அலாரம் பட்டியலிலிருந்து படிப்படியாகத் தேடிப் பிடிக்கும் திறன், அதை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் அறிக்கையாக எழுதும் தெளிவு. மூன்றாவதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். வெளிநாட்டு நேர்காணலில் நம் பையன்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

இனி, மூன்று லட்சம் கேட்கும் அந்த நிறுவனம் பெரிதாக விளம்பரம் செய்யும் ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) சான்றிதழ். உலகம் முழுக்கக் காற்றாலைத் துறை ஏற்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி அது. முதலுதவி, பாரம் தூக்கும் முறை, தீ விழிப்புணர்வு, உயரத்தில் வேலை ஆகிய நான்கும் கரைக்குப் போதும். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐந்தாவதாகக் கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி சேரும். ஐந்துமே சில நாள் பயிற்சிகள், ஓராண்டுப் படிப்பு அல்ல. மிக முக்கியமாக, அவற்றுக்கு 24 மாதமே ஆயுள். காலாவதி ஆவதற்குள் புதுப்பிப்புப் பயிற்சி எடுக்காவிட்டால் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். வேலையே இல்லாத இப்போது கடல் பயிற்சியை எடுத்தால், வேலை வரும் நாளில் அது செத்த சான்றிதழ். கரை வேலைக்குத் தேவைப்படும் நான்கைப் பல நிறுவனங்கள் தாங்களே செலவு செய்து தருகின்றன. கடல் பயிற்சி, நேர்காணல் நெருங்கும்போது எடுக்க வேண்டியது. இதே அமைப்பின் அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஹைட்ராலிக்) காலாவதி கிடையாது. முன்கூட்டியே பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் அதில் செலவழிக்கலாம். எங்கே படித்தாலும், அந்த நிலையம் ஜி.டபிள்யூ.ஓ. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, முடித்ததும் அந்த அமைப்பின் இணையப் பயிற்சிப் பதிவேடான ‘விண்டா’வில் பையனின் கணக்கில் பதிவேற்றுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டாவில் ஏறாத சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், வேலைக்குக் காட்ட முடியாது.

கடல் வேலை உடம்புக்கு எப்படி இருக்கும் என்று பையன் தெரிந்துகொள்வது நல்லது. பணியாளர் படகு, காற்றாலையின் அடிக்காலில் உள்ள இரண்டு செங்குத்துக் குழாய்கள்மேல் மூக்கை முட்டி, எஞ்சினை முன்னோக்கி அழுத்தியபடி நிற்கும். அந்த உராய்வுதான் படகைப் பிடித்துவைக்கிறது. அலை ஏறி இறங்குவதைப் படகுப் பணியாளர் கணித்துச் சைகை தருவார். மேலிருந்து தொங்கும், தானாகச் சுருண்டுகொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைத் தன் கவசப்பட்டையில் மாட்டிய பிறகே ஏணிக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். திரும்பி வரும்போது எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். படகில் கால் பட்டதும் கொக்கியைக் கழற்றாவிட்டால், படகு அலையோடு இறங்க, கயிறு ஆளைத் தூக்கிவிடும். அலை உயரம் சுமார் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பொதுவாகப் படகிலிருந்து ஏணிக்கு மாறவே விடமாட்டார்கள். நம் கடலில் காற்று பலமாக வீசும் அதே தென்மேற்குப் பருவத்தில்தான் கடலும் கொந்தளிக்கும் என்பதால், இங்கே இது கூடுதல் சிக்கல். ஏணியில் ஏறும்போதே குமட்டல் வருகிறவருக்கும், உயரம் என்றால் உறைந்துபோகிறவருக்கும் இந்த வேலை வேண்டாம் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கதவு மூடினாலும் துறை மூடிவிடாது. கடலடிக் கேபிள் கோளாறுகள் இத்துறையின் பெரிய தலைவலி. கேபிளை அளவுக்கு மேல் வளைத்தாலோ, புதைப்பு ஆழம் குறைந்து நங்கூரம் இழுத்தாலோ, இணைப்பில் ஈரம் புகுந்தாலோ பழுது பார்க்கத் தனிக் கப்பலே வர வேண்டும். ஆகவே உயர் அழுத்தக் கேபிள் ஜாயின்டிங்கும் டெஸ்டிங்கும் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு, அதைக் கரையிலேயே கற்கலாம். கப்பலில் மின்பொறுப்பாளராக விருப்பமிருந்தால், கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த இ.டி.ஓ. (எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆஃபீசர்) பயிற்சி நான்கு மாதம்தான். தகுதி மதிப்பெண் விதிகளைச் சேரும் முன் இயக்குநரகத் தளத்திலேயே சரிபாருங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று யாராவது வந்தால், அவருடைய உரிம எண்ணைக் கேட்டு மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். கப்பல் வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வேலைக்காகப் பணமே வாங்கக்கூடாது. ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சு வந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பையனுக்கு நிறப் பார்வைப் பரிசோதனையும் ரத்தச் சர்க்கரை, இதயம், காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். மின் வேலையில் கம்பி நிறத்தைப் பிரித்தறிய முடியாதவருக்கு இந்த வழியே கடினம், அதை மூன்று லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளக்கூடாது. முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், ‘வேலை உறுதி’ என்றால் எந்த நிறுவனத்தில், எந்தப் பணியில், எந்தத் தேதிக்குள், தவறினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால், வகுப்பு தொடங்கும் முன்பே பணத்தைத் திரும்பக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்.