கல்லின் நிறத்தை நம்பாதீர்கள்: கனிமம், பாறை கேள்வி பதில்

கேள்வி: கனிமமும் பாறையும் ஒன்றுதானே?

பதில்: இல்லைங்க. இயற்கையில் உண்டாகி, திடமாக, குறிப்பிட்ட வேதிச் சேர்க்கையோடும் அணுக்களின் ஒழுங்கான அடுக்கோடும் இருப்பது கனிமம். கனிமங்கள் சேர்ந்து கிடப்பது பாறை. கிரானைட்டை உற்றுப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் கண்ணாடி போலத் தெரிவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாக மினுங்கும் தகடு மைக்கா. சுண்ணாம்புக்கல் மாதிரி பெரும்பாலும் ஒரே கனிமத்தால் ஆன பாறையும் உண்டு.

கேள்வி: அப்போ பனிக்கட்டி?

பதில்: தானாக உறைந்தது என்றால் அதுவும் கனிமம்தான்.

கேள்வி: வெள்ளையாக ஒரு கல் கிடைத்தது. குவார்ட்ஸா, சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டா? நிறம் ஒன்றாகவே இருக்கிறது.

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள். துளி கலப்பு இருந்தாலே மாறிவிடும், குவார்ட்ஸே ஊதா, புகை நிறம், இளஞ்சிவப்பு என்று எத்தனையோ நிறத்தில் வருகிறது. கீறிப் பாருங்கள். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் மிக மென்மையான டால்க் என்ற கனிமத்தை 1, மிகக் கடினமான வைரத்தை 10 என்று வைத்து ஒரு கடினத்தன்மை வரிசை போட்டார், அதில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, சாதாரண எஃகுக் கத்தி சுமார் 5.5. அதனால் கத்தி கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. கத்தி தேய்ந்த உலோகக் கோடும் கல்லில் கீறல் மாதிரியே தெரியும், விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டால் கால்சைட் நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸ் அசையாது.

கேள்வி: தங்கம் மாதிரி மின்னும் கல் ஒன்று இருக்கிறது!

பதில்: இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமமாக இருக்க வாய்ப்பு அதிகம். மெருகு போடாத பீங்கான் ஓட்டில் தேயுங்கள், பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே போடும்.

கேள்வி: பாறையை மூன்று வகையாகப் பிரிப்பது எதை வைத்து?

பதில்: பிறந்த விதத்தை வைத்து. பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகினால் தீப்பாறை. மண்ணும் மணலும் ஓடுகளும் படிந்து இறுகினாலோ, நீரில் கரைந்திருந்தது படிந்தாலோ படிவுப் பாறை. ஏற்கெனவே இருந்த பாறை உருகாமல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறினால் உருமாறிய பாறை. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் தீப்பாறையான கிரானைட்டும் உருமாறிய பாறையான நைசும்: இரண்டிலும் ஏறக்குறைய அதே கனிமங்கள்தான், ஆனால் கிரானைட்டில் அவை தாறுமாறாகக் கலந்து கிடக்கும், நைசில் வெளிர் பட்டை, கரும்பட்டை என்று பிரிந்து நிற்கும். என்ன இருக்கிறது என்பதோடு எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்த்தால்தான் வகை பிடிபடும்.

கேள்வி: ஒரே குழம்பிலிருந்து பெரிய படிக மணியும் சிறிய படிக மணியும் எப்படி வரும்?

பதில்: ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்தால் படிகம் வளர நேரம் கிடைக்கும், கிரானைட் அப்படித்தான். அதே குழம்பு மேலே வந்து சீக்கிரம் குளிர்ந்தால் ரையோலைட் என்ற பாறை, அதில் பெரும்பாலான மணிகள் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: பளிங்குத் தரையில் எலுமிச்சைச் சாறு பட்டு மங்கிவிட்டது, கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: பளிங்கு என்பது உருமாறிய சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் கால்சைட். அமிலம் அதைக் கரைத்துவிட்டது, அது கறை இல்லை, துடைத்தால் போகாது. மறுபடி மெருகு போட வேண்டும். கிரானைட்டில் பெரும்பாலும் கால்சைட் இல்லை, அதனால் தப்பித்தது.