மிகப்பெரிய எண் என்று ஒன்று இல்லவே இல்லையா, அல்லது இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 'இல்லை' வேறு, 'இன்னும் கிடைக்கவில்லை' வேறு. இங்கே விடை முதலாவதுதான். நீங்கள் எந்த எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதோடு ஒன்றைக் கூட்டினால் போதும், அது தோற்றுவிடும். பெயர்கள் வேண்டுமானால் தீர்ந்துபோகலாம். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்களைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு மேல் பெயர் இல்லாமல் போகலாமே தவிர எண் இல்லாமல் போகாது.

இவ்வளவுதான் விஷயம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். சில வருடங்களுக்கு முன் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகளைச் சீண்டுவதற்காகப் பலகையில் இப்படி எழுதிப் போட்டேன்:

மிகப்பெரிய இயல் எண் (1, 2, 3 என்று எண்ணும் எண்) ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 'ம' என்று பெயர். ம-வின் வர்க்கமும் ஓர் இயல் எண்தான். ஆனால் ம-வை மிஞ்சி எதுவும் கிடையாது என்பதால் அந்த வர்க்கம் ம-வைவிடப் பெரிதாக இருக்க முடியாது. தன் வர்க்கம் தன்னைத் தாண்டாத இயல் எண் 1 மட்டுமே. ஆகவே மிகப்பெரிய எண் 1.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்னால் இருந்து ஒரு பெண், "அப்ப ரெண்டு எங்க சார் போச்சு?" என்றாள். சிரிப்பு அடங்கியதும் தப்பு எந்த வரியில் என்று தேடினார்கள். இரண்டாவது வரியிலிருந்து எல்லாமே சரி. 'இருப்பதாக வைத்துக்கொள்வோம்' என்ற முதல் வரியில்தான் வினை.

இது என் சரக்கு இல்லை. ஆஸ்கர் பெரோன் என்ற ஜெர்மன் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் முரண்பாடு. வேடிக்கைக்குச் சொன்னது மாதிரி தெரிந்தாலும், பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஒரு கயிற்றை எந்த வடிவத்தில் வளைத்துப் போட்டால் உள்ளே அதிகப் பரப்பு அடங்கும்? வட்டம் என்று பழங்காலத்திலேயே தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் யாக்கோப் ஸ்டைனர் என்ற சுவிஸ் கணித அறிஞர் அதை நிரூபிக்க இறங்கினார். வட்டம் அல்லாத எந்த வடிவத்தைக் கொடுத்தாலும், அதே கயிற்றில் அதைவிட அதிகப் பரப்புள்ள வேறொன்றை அவரால் காட்ட முடிந்தது. எனவே வட்டமே விடை என்றார். நம் பலகைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 1 அல்லாத எந்த எண்ணையும் வர்க்கமாக்கிப் பெரிதாக்கலாம், எனவே 1-தான் விடை! அச்சு அசல் அதே வாதம். ஸ்டைனருக்கு விடை சரியாக அமைந்துவிட்டது. ஆனால் 'ஆகப் பெரிய பரப்பு' என்று ஒன்று உண்மையிலேயே உண்டு என்பதைப் பின்னால் வையர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர்தான் நிறுவ வேண்டியிருந்தது.

செய்திகளில் வரும் 'மிகப்பெரிய பகா எண்' (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) பலரைக் குழப்புகிறது. 2024 அக்டோபரில் அறிவித்தார்களே, 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது, அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். அது இதுவரை தெரிந்தவற்றில் பெரியது, அவ்வளவுதான். பகா எண்களுக்கும் முடிவில்லை என்று யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்.

"முடிவிலிதானே மிகப்பெரிய எண்?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். 1, 2, 3 என்று போகும் வரிசையில் கடைசி ஆள் அல்ல அது. அந்த வரிசைக்குக் கடைசி ஆளே இல்லை என்பதைச் சொல்லும் சொல். சரி, முடிவிலிகளையே அளந்து பார்ப்போம் என்று இறங்கிய கணித அறிஞர் கேண்டர் 1891-இல் காட்டியது இன்னும் மோசம்: எந்த முடிவிலாக் கணத்தை (முடிவில்லாத தொகுப்பை) எடுத்தாலும் அதன் உட்கணங்களை, அதாவது அதிலிருந்து எடுக்கக்கூடிய எல்லாத் தொகுப்புகளையும், திரட்டினால் அதைவிடப் பெரிய முடிவிலி வந்துவிடும். அங்கேயும் உச்சி கிடையாது.

மிகப்பெரிய எண் உண்மையில் குடியிருக்கும் இடம் கணினி. ஓர் எண்ணுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 கட்டங்கள் ஒதுக்கினால், கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து, 2,14,74,83,647-க்கு மேல் எழுத இடமில்லை. 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' வீடியோவின் பார்வைகள் அதைத் தாண்டப் போகிறது என்று யூடியூப் தன் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியது. இப்போது உச்சவரம்பு 9-இல் தொடங்கும் 19 இலக்க எண். அதோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் அது சுற்றிக்கொண்டு வந்து கழித்தல் குறியோடு நிற்கும்.