பழம்பொரி முதல் பத்தகோன் வரை: வாழை பொரிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு

வந்த கேள்விகளில் பாதிக்கு ஒரே பதில்தான். பண்டத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு காய் தேடாதீர்கள். வீட்டில் இருக்கும் சீப்பு எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பண்டத்தைச் செய்யுங்கள்.

அக்கா, கோழிக்கூட்டு வாழைப்பழத்தில் பழம்பொரி போட்டேன். எண்ணெயிலேயே குழைந்துவிட்டது. நேந்திரன் இங்கே எங்கே கிடைக்கும்? (தலவாக்கலை)

நேந்திரனுக்கு அலைய வேண்டாம் தங்கச்சி. கறிக்கு வாங்குகிறோமே சாம்பல் வாழைக்காய், அதில் நாலைப் பழுக்க விடுங்கள். பழுத்தாலும் சதை இறுக்கமாக நிற்கும். கேரளத்தில் பழத்தை நீளவாக்கில் சீவி, மைதாவில் சீனி, உப்பு, மஞ்சள் சேர்த்துக் கரைத்துத் தோய்ப்பார்கள். நமக்குக் கோதுமை மா போதும். கரைத்த மா கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும். வழிந்து ஓடினால் பழம் எண்ணெய் குடிக்கும்.

காய் பழுக்கவே மாட்டேன் என்கிறது, தோல் மட்டும் கறுத்துப்போகிறது. (நுவரெலியா)

குளிர்தான் காரணம். 13 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் வாழைக்கு ஆகாது: தோல் கறுக்கும், உள்ளே மாச்சத்து சீனியாக மாறுவதும் தடைப்படும். உங்கள் ஊர் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, இரவில் சமையலறையே குளிர்ப்பெட்டி மாதிரிதான். பழுத்த பழம் ஒன்றோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்துவிட்டது, கெட்டுவிட்டதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கெடவில்லை. 24 பாகைக்குக் கீழே அது உறையும், சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும்.

மலேசியாவில் சாப்பிட்ட பீசாங் கோரேங் மொறுமொறுவென்று இருந்தது. எப்படி? (ஹட்டன்)

அரிசி மா. கோதுமை மாவில் பாதியைக் குறைத்து அரிசி மா சேருங்கள். அங்கே சிலர் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள், நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே சுண்ணாம்புதான். கடலையளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் மாவில் ஊற்றுங்கள்.

பச்சைக் காயில் பஜ்ஜியும் கறியும் தவிர வேறு என்ன செய்யலாம்? (பண்டாரவளை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. போர்த்தோ ரிக்கோவில் தொஸ்தோனெஸ், கொலம்பியாவில் பத்தகோன் என்பார்கள். இரண்டு முறை பொரிப்பது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலுரியுங்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டிக் கறையாகும். ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, மிதமான சூட்டில் வெளிர் மஞ்சளாகும்வரை பொரித்து எடுங்கள். சூடு ஆறுவதற்குள் டம்ளரின் அடியால் அழுத்துங்கள். ஆறவிட்டால் உடைந்து சிதறும். ஓரம் வெடித்துப் பிசிறு பிசிறாக வரும், வரட்டும், மொறுமொறுப்பு அங்கேதான் இருக்கிறது. பூண்டு தட்டிப் போட்ட உப்புத் தண்ணீரில் ஒரு கணம் தோய்த்து, நன்றாக வடித்துத் துடைத்து, இந்தத் தடவை நல்ல சூட்டில் பொரியுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும். கட்டச் சம்பலோடு சாப்பிட்டுப் பாருங்கள், மழை நாளில் வேறு எதுவும் வேண்டாம்.

அளவுக்கு மீறிப் பழுத்துவிட்டால்? (மஸ்கெலியா)

கானாவின் கெலெவெலே. துண்டுகளில் இஞ்சி, மிளகாய், உப்புப் பிரட்டிப் பொரிப்பது. சீனி கூடிய பழம் சீக்கிரம் கருகும், தீயைக் குறையுங்கள்.

குவைத்தில் அம்மாவோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் அக்கா செய்து கொடுத்தாராம், சுருள் மாதிரி, உள்ளே பலாப்பழம். அது என்ன? (பதுளை)

துரோன், மகள். பழத்தைப் பழுப்புச் சீனியில் புரட்டி, ஒரு கீற்றுப் பலாச்சுளையோடு ஸ்பிரிங் ரோல் தாளில் இறுகச் சுற்றிப் பொரிப்பார்கள். எண்ணெயிலும் கொஞ்சம் சீனி தூவினால் அது பாகாகி மேலே ஒட்டும். அம்மா லீவில் வரும்போது செய்வதானால் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். ஆறியதும் பாகு ஒட்டிக்கொண்டு தாள் கிழியும்.