தணித்தல் ஒன்று, ஆங்கிலச் சொற்கள் நான்கு

கேள்வி: 'அலே', 'அலீவியேட்', 'அஸ்வேஜ்', 'ஸ்லேக்' ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதி 'தணித்தல்' என்றே பொருள் தருகிறது. போட்டித் தேர்வில் எதை எங்கே எழுதுவது?
– வாசகர், மேலூர்

பதில்: நாமும் பசி ஆறியது, தாகம் தணிந்தது, கவலை தீர்ந்தது என்று இடமறிந்துதானே பேசுகிறோம்; ஆங்கிலத்திலும் வினையைத் தேர்ந்தெடுப்பது அதனோடு வரும் பெயர்ச்சொல்தான். அச்சம், ஐயம் போன்றவற்றைப் போக்குவதற்கு 'அலே' பொருந்தும். வலி, வறுமை ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பது 'அலீவியேட்'. 'கனமற்ற' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால், நோயை அடியோடு குணப்படுத்துவதை அது குறிக்காது, பாரத்தைச் சற்று இறக்கிவைப்பதையே குறிக்கும். 'அஸ்வேஜ்' என்பதன் வேர் 'இனிமை'. துயரத்துக்கும் குற்றவுணர்வுக்கும் மிகுதியாக வரும், பசிக்கும் வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்லேக்'. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், சித்திரை வெயிலில் வாடியவர் நீர்மோர்ப் பந்தலில் தாகம் தணித்துக்கொள்வதற்கு இச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றி, அது கொதித்துப் பொங்கிப் பொடியாகும்படி நீற்றுவதற்கும் ஆங்கிலேயர் இதே வினையைத்தான் வழங்குகின்றனர். சோழவந்தான் வெற்றிலையில் நாம் தடவும் சுண்ணாம்பும் அவ்வாறு 'ஸ்லேக்' செய்யப்பட்டதே. ஆனால் தேவையை நிறைவு செய்வதற்கு இந்த நான்கில் எதையும் எழுதிவிடாதீர்கள். அங்கே 'போதும்' என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிறந்த 'சாட்டிஸ்ஃபை' என்பதே உரியது.