கிட்டார்ல கார்ட் எக்சர்சைஸ், ஆர்பெஜியோ எல்லாம் முடிச்சுட்டுதான் ரிஃப் வாசிக்கணுமா?

"இப்பவே ரிஃப் பக்கம் போகாத, கை கெட்டுப்போயிடும்"னு உங்க கிளாஸ்ல யாரோ சொல்லியிருப்பாங்க, அதான் கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன். (புதுசா வந்தவங்களுக்கு: கார்ட்னா பல ஸ்வரம் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிறது, ஆர்பெஜியோன்னா அதையே ஒவ்வொரு ஸ்வரமா பிரிச்சு மீட்டுறது, ரிஃப்னா பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற சின்ன டியூன்.) எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதையேதான் சொன்னாரு. நல்ல மனுஷன், அவர் வாசிப்பு அவ்ளோ சுத்தமா இருக்கும், ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் பேச்சை நான் கேக்கல, அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

நான் எடுத்தது எல்லாரும் எடுக்குற அதே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'தான், டீப் பர்ப்பிள்ங்கற ராக் பேண்டோடது, 1972. நிறைய பேர் ஒரே ஸ்ட்ரிங்ல 0-3-5, 0-3-6-5னு (நம்பர் எத்தனாவது ஃப்ரெட் கட்டம்னு சொல்றது, 0-ன்னா அமுக்காம மீட்டுறது) தட்டிட்டு வந்துடுச்சுன்னு கிளம்பிடுறாங்க. அந்தப் பாட்டுல கிட்டார் வாசிச்ச ரிச்சி பிளாக்மோர் அதை ரெண்டு ஸ்ட்ரிங் சேர்த்து வாசிப்பாரு, அதுவும் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்னத் தகடு) இல்லாம, விரலால. டி, ஜி ஸ்ட்ரிங் ரெண்டையும் ஒரே விரலால அமுக்கணும், அடுத்த சத்தம் வர்றதுக்குள்ள முந்தின சத்தத்தை நிறுத்தணும், அங்கதான் பாதிப் பேருக்கு டைமிங் போயிடும். ஒரு விரல்ல ரெண்டு ஸ்ட்ரிங் அமுக்குன அந்தப் பழக்கம்தான் பின்னாடி சின்ன எஃப் கார்ட் புடிக்கும்போது எனக்கு உதவுச்சு, சும்மா கார்ட் சார்ட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தா அது வந்திருக்காது.

உடனே "அப்ப எக்சர்சைஸே வேணாமா"ன்னு கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க, நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஆர்பெஜியோ கண்டிப்பா வேணும். ஏ மைனர் கார்ட்ல இருந்து சி கார்டுக்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தா போதும், ஸ்ட்ரம் பண்ணும்போது (எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே வீச்சுல மீட்டும்போது) சூப்பரா இருக்குன்னுதான் தோணும். அதையே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா மீட்டிப் பாருங்க, நடுவிரல் லேசா சாஞ்சு ஜி ஸ்ட்ரிங்கைத் தொட்டுட்டிருக்கும், அங்க மட்டும் 'டப்'புன்னு செத்த சத்தம் வரும். ஸ்ட்ரம்மிங்ல இதெல்லாம் மறைஞ்சுடும்.

இன்னொண்ணு, தி அனிமல்ஸ் பேண்ட் 1964-ல வாசிச்ச 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' தொடக்கத்தை எடுத்துக்கோங்க. ஏ மைனர், சி, டி, எஃப்னு கார்டை உடைச்சு உடைச்சு மீட்டுறதுதான். இப்ப அதை நீங்க எக்சர்சைஸ்னு சொல்வீங்களா, பிரபலமான பீஸ்னு சொல்வீங்களா? மெட்ரோனோமை (தாளம் தட்டிக்காட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு மெதுவா வாசிங்க, எஃப் வர்ற இடத்துல திக்குனா அந்த மாத்தத்தை மட்டும் தனியா எடுத்துப் பண்ணுங்க, முழுசா முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க.

கேட்டதுக்குச் சம்பந்தமில்லதான், ஆனா சொல்லிடுறேன். கிட்டாரை வெளிய தெரியுற மாதிரி வைக்காதீங்க. வீட்டுக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம எடுத்து, கேக்காமலே ஸ்ட்ரிங்கை இறுக்குற அந்தக் கீயைத் திருகிப் பாப்பாங்க. மெல்லிசு ஸ்ட்ரிங் பட்டுன்னு அறுந்ததும் "ஏற்கெனவே லூசா இருந்துச்சுபா"ன்னு நம்மகிட்டயே சொல்லுவாங்க.