கருப்பினத்தவரும் அடிமைகளை வைத்திருந்தார்களா?

“கருப்பர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள், அப்புறம் என்ன நிறவெறி?” என்று நண்பர் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். தகவலை மறுக்காதீர்கள், அது உண்மைதான். அமெரிக்காவின் 1830 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படி அடிமைகளை வைத்திருந்த கருப்பர்கள் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தார்கள். ஆனால் நாட்டில் மொத்த அடிமைகள் 20 லட்சம். இவர்களிடம் இருந்தது சுமார் 13,000 பேர்.

அதிலும் பலர் காசு கொடுத்து வாங்கியது சொந்த மனைவியை, பிள்ளையை. வர்ஜீனியாவின் 1806 சட்டப்படி, விடுதலை பெற்றவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும். பிரியக் கூடாதென்று காகிதத்தில் அடிமையாகவே வைத்துக்கொண்டார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

சரி, எல்லாரும் அப்படியா? இல்லை. தென் கரோலினாவின் வில்லியம் எலிசன் அடிமையாகப் பிறந்தவர். பருத்தி அரவை எந்திரம் செய்து பணக்காரரானார். 1860இல் அவரிடம் 63 அடிமைகள், லாபத்துக்காகவே. அவரையும் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தனை சொத்திருந்தும், கருப்பர் என்பதால் அவருக்கு ஓட்டுரிமை கிடையாது என்பதையும் சொல்லுங்கள்.